பூனை பழிவாங்குவதில்லை

(சென்ற காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் கால்நடை மருத்துவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



"பூனைப் புகார் நிறைய வருது டாக்டர், ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். புகாரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் பிளாக் ஒன்றில் ஒரு பூனை இரண்டு மாதமாகப் படிக்கட்டிலும் பக்கத்து வீட்டுச் செருப்பு ஸ்டாண்டிலும் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டாருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். வளர்த்தவருக்கோ லிஃப்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாத நிலை. "நான் பத்து நாள் ஊருக்குப் போனதுக்குப் பழிவாங்குது டாக்டர். எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

பூனை பழிவாங்குவதில்லை. சோதித்துப் பார்த்தோம். சிறுநீரில் ரத்தம் இருந்தது. கிருமித் தொற்று இல்லை, கல்லும் இல்லை. சிறுநீர்ப்பையில் அழற்சி. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் வலித்திருக்கிறது. மணல் தட்டில் உட்கார்ந்தால் வலிக்கும் என்று மனதில் பதிந்துபோய், அது வேறு இடம் தேடியிருக்கிறது.

இதை இன்று என்னால் சொல்ல முடிகிறது. பட்டம் வாங்கிய புதிதில் சொல்லியிருக்க முடியாது. நான் படித்த காலத்தில் மாடு, ஆடு, கோழிக்குத்தான் பாடத்தில் பெரிய பங்கு. நாய்க்குக் கொஞ்சம். பூனை என்றால் ஒரு சின்ன நாய் என்ற நினைப்போடுதான் வெளியே வந்தேன்.

அந்த நினைப்புக்கு ஒரு பூனை பலியானது. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு சனிக்கிழமை இரவு ஓர் அம்மா போன் செய்தார். "கடுவன் பூனை டாக்டர். காலையிலேருந்து தட்டுல போய்ப் போய் முக்குது, ஒண்ணும் வரல." மலச்சிக்கலாக இருக்கும், திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றேன். ஞாயிறு இரவே அது இறந்துவிட்டது. சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறது. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல். முழுக்க அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் செயலிழந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதன் பிறகுதான் பூனை நோய்களுக்கும் பூனையின் நடத்தைக்கும் என்று நடக்கும் தொடர்கல்வி வகுப்புகளுக்குப் போக ஆரம்பித்தேன். இப்போது பல வகுப்புகள் ஆன்லைனிலேயே நடக்கின்றன. அங்கே கற்றதில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, மனக்கலக்கமும் நோயும் பற்றியது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற மருத்துவர் இந்தச் சிறுநீர்ப்பை அழற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருடைய குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட வழக்கம் மாறியபோது நோயே இல்லாத பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, தட்டுக்கு வெளியே கழித்தன. நம் பூனைக்கும் அதே கதைதான். வளர்த்தவர் ஊரில் இல்லை. அதே சமயம் மேல் வீட்டில் டைல்ஸ் மாற்றும் வேலை, நாள் முழுக்க டிரில்லிங் சத்தம்.

இரண்டு, வலியை முகத்தில் படிப்பது. பூனை வலியை மறைக்கும் பிராணி. கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் இதற்கென ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கிறதா என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். 10-க்கு 4 வந்தாலே வலி மருந்து தேவைப்படலாம்.

மூன்று, எஃப்.ஐ.பி. என்ற கொரோனா வகை வைரஸ் நோய். இது மனிதருக்கு வந்த கோவிட் அல்ல. எஃப்.ஐ.பி. என்றால் மரணம் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2019-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வில், புது மருந்து பெற்ற 31 பூனைகளில் 25 பிழைத்தன. பழைய பாடத்தோடு நின்றுவிட்ட மருத்துவர், பிழைக்கக்கூடிய பூனையையும் கைவிட்டுவிடுவார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கி, சிறுநீர் வராவிட்டால் அது அவசர சிகிச்சை. இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். என்னைப் போல் யாராவது "திங்கட்கிழமை" என்றால் வேறு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

2. எத்தனை பூனையோ, அதைவிட ஒரு மணல் தட்டு கூடுதலாக வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கத்தில் வேண்டாம். தினமும் சுத்தம் செய்யுங்கள்.

3. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தைப் பூனை மேல் விடாதீர்கள். லில்லிப் பூங்கொத்து வந்தால் பூனைக்கு எட்டாமல் வைத்தால் போதாது, வீட்டுக்குள்ளேயே வேண்டாம். அதன் மகரந்தம்கூட சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

4. உங்கள் மருத்துவரிடம் "பூனைக்கென்று பயிற்சி எடுத்திருக்கிறீர்களா டாக்டர்?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

நம் பூனைக்கு வலி மருந்து கொடுத்தோம். இன்னொரு தட்டு, ஈர உணவு, அலமாரி மேல் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. மேல் வீட்டுக்காரர், கேட்டதும், டிரில்லிங்கை மதியம் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டார். படிக்கட்டு இப்போது ஆறு வாரமாகச் சுத்தமாக இருக்கிறது. பக்கத்து வீட்டாரே வந்து சொன்னார்கள்.

சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பூனைப் புகார் வந்தால், நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால் "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேளுங்கள்.