மொழிக்கு உரியவர்களும் வகுப்பில் இருக்க வேண்டும்

(ரியாத், பத்தாவில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சு. மலருக்காகப் பேசியவரே எழுதித் தந்தது.)



தாய்மொழிக் கல்வியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கேட்டார்கள். நான் ஆசிரியன் இல்லை. வாசித்து அறிந்த சில விசயங்களை உங்கள் முன் வைக்கிறேன். சரி பிழையை நீங்களே யோசியுங்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இந்தப் பத்தா தெருவில் நின்றால் மலையாளம், வங்காளம், உருது, நேபாளம், சிங்களம், தமிழ் என்று எத்தனை மொழி காதில் விழுகிறது! ஆளோடு ஆள் கதைக்க நாங்கள் எல்லாரும் பாவிக்கிறது உடைந்த அரபி. "மாபி முஷ்கில்", "கல்லி வல்லி" என்று சொல்லி வேலையைக் கொண்டுபோகலாம். ஆனால் அந்த அரபியில் ஒரு பிள்ளையைத் தாலாட்ட ஏலாது. செத்த வீட்டில் ஒரு ஒப்பாரி சொல்ல ஏலாது. அதற்குத் தாயிடம் கேட்ட மொழிதான் வேண்டும்.

அரபு நாடென்றால் இங்குள்ளவர்கள் எல்லோருக்கும் அரபிதான் தாய்மொழி என்று நாங்கள் நினைக்கிறோம். அது சரியில்லை. யேமனின் கிழக்கே மஹ்ரா, ஓமானின் தோபார், நாங்கள் வேலை செய்கிற இதே சவூதியின் தெற்குப் பாலைவன விளிம்பு, இந்த இடங்களில் மெஹ்ரி என்றொரு மொழி பேசுகிறார்கள். அது அரபியின் ஒரு வட்டார வழக்கு அல்ல. அரபிக்குத் தூரத்து உறவான தனி மொழி. நாக்கின் பக்கவாட்டால் காற்றை விட்டுச் சொல்கிற, இன்றைய பொது அரபியில் இல்லாத பழைய ஒலி அதில் இன்னும் இருக்கிறது. எங்கட ழகரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளிக்கூடம், கந்தோர், ரேடியோ எல்லாம் அரபி. ஆகவே பிள்ளைகள் அரபிக்கு மாறுகிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த பத்ஹரி மொழியைப் பேச மிஞ்சியிருப்பது மிகச் சில முதியவர்கள் மாத்திரமே.

இந்த மொழிகளை முன்பும் வெள்ளைக்காரர் ஆராய்ந்தார்கள். ஜோன்ஸ்டன் என்ற பேராசிரியர் எழுதிய ஹர்சூசி அகராதி 1977இலும், ஜிப்பாலி அகராதி 1981இலும், மெஹ்ரி அகராதி அவர் இறந்த பிறகு 1987இலும் வந்தன. பெரிய உழைப்பு. ஆனால் அந்த ஆங்கில அகராதிகளை விரித்து வைத்து மெஹ்ரி ஒட்டகக்காரர் தன் பேரனுக்கு என்ன படிப்பிக்க முடியும்?

பிறகு ஒரு நல்ல மாற்றம் வந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஜனற் வோட்சன், அந்த மொழியைப் பேசுகிறவர்களோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தார். அரபி எழுத்தைத் தழுவி, இல்லாத ஒலிகளுக்கு எழுத்துச் சேர்த்து, அவர்களே தங்கள் மொழியில் எழுத வழி செய்தார்கள். 2020இல் தோபார் மெஹ்ரியைப் படிப்பிக்கும் ஒரு பாடநூல் வெளிவந்தது. அதன் அட்டையில் பேராசிரியையின் பெயரோடு மெஹ்ரி மக்கள் சிலரின் பெயர்களும் ஆசிரியர்களாக இருக்கின்றன. முன்பு "தகவல் தந்தவர்" என்று முன்னுரையில் ஒரு வரியில் முடிந்துபோன ஆட்கள், இப்போது நூலாசிரியர்கள். எனக்கு இது சின்ன விசயமாகப் படவில்லை.

இதைவிட ஒருபடி மேலே போன கதை அமெரிக்காவில் இருக்கிறது. அகதிகளாகிய எங்களுக்கு அது நன்றாக விளங்கும். மயாமியா என்ற பூர்வீகக் குடிகள் இன்டியானா, ஒகையோப் பக்கம் வாழ்ந்தவர்கள். 1846 ஒக்டோபரில் அவர்களில் பலரைப் படையினர் கால்வாய்ப் படகுகளில் ஏற்றி மேற்கே கன்சாசுக்கு அனுப்பினார்கள். பிறகு அங்கிருந்தும் கிளப்பி ஒக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். இரண்டு இடப்பெயர்வு! நிலம் போனது. பின்னால் மொழியும் போனது. 1960களோடு அதைச் சரளமாகப் பேசுகிற கடைசி ஆட்களும் போய்ச் சேர்ந்தார்கள். செத்த மொழி என்று எழுதிவிட்டார்கள்.

ஆனால் முந்நூறு வருடத்துக்கு முன் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுதி வைத்த சொல்லேடுகள் இருந்தன. டேவிட் கோஸ்டா என்ற மொழியியலாளர் அவற்றை ஆராய்ந்து 1994இல் இலக்கணத்தைத் தெளிவாக்கினார். அதே காலத்தில் டாரில் பால்ட்வின் என்ற மயாமியாக்காரர், முன்பு தச்சு வேலை செய்தவர், அந்த மொழியைத் தானே படித்து, மனைவியோடு சேர்ந்து தன் நான்கு பிள்ளைகளையும் அதில் வளர்க்கத் தொடங்கினார். பிறகு மொழியியலும் படித்தார்.

அவர்களின் பழைய நிலத்தில், ஒகையோவில், அவர்களின் பெயரையே வைத்துக்கொண்டு 1809இல் தொடங்கிய மயாமி பல்கலைக்கழகம் இருக்கிறது. 1972இல் அந்தக் குடியின் தலைவர் அங்கே போய் வந்ததிலிருந்து உறவு வளர்ந்தது. 1991இலிருந்து அந்தக் குடிப் பிள்ளைகள் உதவிப் பணத்தோடு அங்கே படிக்க வந்தார்கள். 2001இல் மொழிக்கான திட்டம் பால்ட்வினின் பொறுப்பில் ஆரம்பமானது. 2013இல் அது மயாமியா மையமாக உயர்ந்தது. அங்கே படிக்கும் மயாமியா மாணவர்கள் மற்றப் படிப்போடு தங்கள் மொழியையும், வரலாற்றையும், பண்பாட்டையும் வகுப்பில் கற்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று. எதை ஆராய்வது, எதைப் படிப்பிப்பது என்பதில் அந்த மக்களின் தேவைதான் முதலாவது. பல்கலைக்கழகம் இடமும் வசதியும் சம்பளமும் கொடுக்கிறது. மொழிக்குச் சொந்தக்காரர் மக்கள். கோடை விடுமுறையில் சிறுபிள்ளைகளுக்கு முகாம் வைத்து மொழியும் விளையாட்டும் பழக்குகிறார்கள். அந்த வகுப்புகள் வந்த பிறகு படிப்பைப் பாதியில் விடும் மயாமியா மாணவர் தொகையும் குறைந்ததாம். தான் யாரென்று தெரிந்த பிள்ளைக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கிறது.

சபையோரே, இனி எங்கட வீட்டுக்கு வருவோம். "எங்கட தமிழை மற்றவன் அழித்தான்" என்று நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். பேச வேண்டியதுதான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை யார் மறப்பது? ஆனால் வாகரை, பனிச்சங்கேணி, வெருகல் பக்கத்தில் கரையோர வேடர் இருக்கிறார்கள். இன்று அவர்கள் பேசுவது தமிழ். தம்பானைப் பக்கத்து வேடரின் பிள்ளைகள் பேசுவது சிங்களம். அவர்களின் பழைய மொழி இரண்டு பெரிய மொழிகளுக்கு நடுவில் கரைந்துபோனது. சடங்குகளிலும் முதியவர் வாயிலும் அங்கங்கே சில சொற்கள் மிஞ்சியிருக்கின்றன. வந்தாறுமூலையிலிருந்து வாகரை அதிக தூரமில்லை. எங்கட பல்கலைக்கழகப் பிள்ளைகள் கொப்பியும் போனும் கொண்டு போய், அந்த முதியவர்களை ஆசிரியராக மதித்து, அவர்கள் சம்மதித்தால் அவர்கள் விரும்புகிற விதத்தில் பதிந்து, முதலில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். தன் மொழிக்கு நியாயம் கேட்கிறவனுக்கு இந்தக் கடமையும் உண்டு.

கடைசியாக, வெளிநாடுகளிலும் தமிழகத்து முகாம்களிலும் இருக்கும் எங்கட பிள்ளைகளுக்காக மூன்று வேண்டுகோள்.

ஒன்று: தமிழ் வகுப்பில் புத்தகம் மட்டும் போதாது. மாதத்தில் ஒரு நாளாவது ஒரு அம்மம்மாவை, ஒரு கடற்றொழில் செய்தவரை, ஒரு கமக்காரரைக் கூப்பிட்டு ஆசிரியர் கதிரையில் இருத்துங்கள். வலைக்கும் வயலுக்கும் உள்ள சொற்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

இரண்டு: பல்கலைக்கழகம் போகும் எங்கட பிள்ளைகள் அந்தச் சொற்களையும் பாட்டுகளையும் பதிய வேண்டும். சொன்னவரின் பெயரையும், அவர் விரும்பினால், ஆசிரியராகப் போட வேண்டும்.

மூன்று: எங்களைப் போலக் குடும்பத்தைப் பிரிந்திருக்கிற தகப்பன்மார் போனில் "காசு வந்ததா, சாப்பிட்டாயா" என்பதோடு நிறுத்தாமல் ஒரு கதை சொல்லுங்கள். பால்ட்வினுக்குப் பழைய ஏடுகள்தான் கிடைத்தன. எங்கட பிள்ளைகளுக்கு இன்னும் உயிருள்ள குரல் கிடைக்கிறது. அது கிடைக்கும்போதே கொடுப்போம்.

 பிறக்கும் சித்திரை எல்லோர் வீட்டுக்கும் நல்ல செய்தி கொண்டுவரட்டும். வணக்கம்.