கண்ணுக்குத் தெரியாத பாரம்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



இத்தாலி தேசத்தின் அசிசி நகரில், பிரான்சிஸ் முனிவரின் கல்லறைமேல் ஒரு பேராலயம் நிற்கிறது. அவர் மரித்து இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1228ல் அதைக் கட்டத் தொடங்கினார்கள். 1997 செப்டம்பர் 26 அதிகாலையில் அங்கே பூமி அதிர்ந்தது. சேதத்தைப் பார்வையிடத் துறவிகளும் கட்டட வல்லுநர்களும் காலையில் உள்ளே சென்றார்கள். நண்பகலுக்குச் சற்று முன் பூமி மறுபடியும், முன்னிலும் பலமாய் அதிர்ந்தது. மேல் ஆலயத்தின் வளைவுக் கூரை இரண்டு இடங்களில் இடிந்து விழுந்தது. இரண்டு துறவிகளும் இரண்டு வல்லுநர்களும் உயிரிழந்தார்கள்.

எழுநூறு ஆண்டுகள் நின்ற கூரை ஏன் விழுந்தது? வளைவுகளுக்கு மேலே, ஓட்டுக்கூரைக்குக் கீழே, உடைந்த ஓடும் கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன. தலைமுறை தலைமுறையாகக் கூரையைப் பழுதுபார்த்தவர்கள் விட்டுப்போன கழிவுகள் அவை. கீழே நின்று சுவரோவியங்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. பூமி ஆடியபோது அந்தக் குவியலும் நகர்ந்து வளைவுகளை அமுக்கிற்று.

ஆகவே அந்தப் பாரத்தை இறக்கினார்கள். வெடிப்புகளுக்குள் சாந்து செலுத்தினார்கள். வளைவுகளின் முதுகில் உறுதியான செயற்கை நாரினால் விலாக்கள் அமைத்தார்கள். வில்சுருள் பொருத்திய கம்பிகளால் அவற்றை மேல்கூரையோடு பிணைத்தார்கள். இவற்றில் எதுவும் கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது.

மறுபுறம், இடிபாடுகளிலிருந்து ஏறக்குறைய 3 லட்சம் ஓவியத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்தார்கள். தட்டுகளில் பரப்பி, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாய்ச் சேர்த்தார்கள். 1999 நவம்பரில் மேல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. சிமாபுவே வரைந்த மத்தேயுவின் ஓவியமோ 2006ல்தான் தன் இடத்துக்குத் திரும்பியது. கிடைக்காத பகுதிகளைப் புதிதாய் வரைந்து மறைக்கவில்லை.

பிரியமானவர்களே, ஓவியம் திரும்பிய செய்தியை உலகம் மகிழ்ச்சியோடு கேட்டது. மேலே ஏறிக் குப்பை இறக்கியவர்களை யார் நினைத்தார்கள்? ஆனாலும் அவர்கள் வேலை இல்லாமல் அந்த ஓவியத்துக்குப் பாதுகாப்பு ஏது?

நாமும் பெயர்ப்பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் மனமுவந்து கொடுக்கிறோம். கூரை ஒழுக்குக்கும் பழைய மின்கம்பிக்கும் கேட்டால் தயங்குகிறோம். முன்னோர் கட்டிய ஆலயமும் பள்ளியும் மருத்துவமனையும் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டவை. அவற்றுக்குள் நம் பிள்ளைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள். இந்த மாதமே, விவரம் தெரிந்த ஒருவரை ஏணி வைத்து மேலே ஏறிப் பார்க்கச் சொல்வோம். அவர் கண்டு வந்து சொல்வதற்குச் செவிகொடுப்போம், அதற்கென்று கொடுப்போம்.