முதலில் சூடு, பிறகுதான் சவர்க்காரம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கிளினிக்கில் தினமும் பேசுகிறோம். இன்று ஒரு பறவையைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள். அதற்கு நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம்.

விடுதியில் இருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை கடற்கரையில் ஓர் ஆலாவைக் கண்டெடுத்தோம். நெஞ்சும் ஒரு சிறகும் கறுப்பு எண்ணெயில் தோய்ந்திருந்தன. வள்ளம் எதிலிருந்தோ ஊற்றிய எஞ்சின் ஒயிலாக இருக்கலாம். தாவணியில் சுற்றிக் கொண்டுவந்து, கிணற்றடியில் வைத்து, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். சமையலறை ஆச்சி எட்டிப் பார்த்து, "பிள்ளையள், அது நடுங்குது. முதல்ல அடுப்படியில சூட்டில வையுங்கோ" என்றா. நாம் கேட்கவில்லை. உயிரியல் படிக்கிற பிள்ளைகள் அல்லவா! விடிய எழும்பிப் பார்த்தபோது பறவை விறைத்துக் கிடந்தது. எண்ணெய்தான் கொன்றது என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். வைத்தியராகிச் சில ஆண்டுகளின் பின்னர்தான், எமது கைகளுக்கும் அதில் பங்கு இருந்தது என்று விளங்கியது.

கடற்பறவையின் இறகுகள் நனையாத சட்டை போன்றவை. ஒவ்வோர் இறகின் இழைகளும் நுண்ணிய கொளுக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். அந்தப் பின்னல் நீரை வெளியே நிறுத்தி, உடற் சூட்டை உள்ளே வைத்திருக்கிறது. எண்ணெய் பட்டதும் பின்னல் குலைந்துவிடும். ரூபாய்க் குற்றியளவு திட்டே போதும், குளிர்ந்த நீர் தோலைத் தொட்டுவிடும். சூட்டைக் காக்க உடல் தன் கொழுப்பை எரிக்கும். மிதக்க முடியாத பறவை இரை தேடவும் முடியாமல் கரையில் ஒதுங்கும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு. பறவை தன்னைச் சுத்தம் செய்ய அலகால் இறகைக் கோதும். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். குடல் புண்ணாகும், உடல் நீரை இழக்கும், குருதியின் செங்கலங்கள் சிதைந்து சோகை உண்டாகும். அடைகாக்கும் தாயின் நெஞ்சிலிருந்து ஓரிரு துளி முட்டையில் பட்டாலே உள்ளிருக்கும் கரு இறந்துபோகலாம்.

இப்படிப்பட்ட நோயாளியை உடனே கழுவலாமா? அதிர்ச்சி நிலையில் வந்த ஒருவரை நாம் நேரே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதில்லை. பறவைக்கும் அதே ஒழுங்குதான்.

இந்த ஒழுங்கைப் பெருமளவில் செய்து காட்டியவர்கள் தென்னாபிரிக்கர்கள். 1994 இல் அப்பலோ சீ என்ற கப்பல் மூழ்கியபோது ஏறக்குறைய 10,000 பென்குயின்கள் எண்ணெயில் தோய்ந்தன. அவற்றுள் பாதியளவு இறந்தன. காற்றோட்டமற்ற வாகனங்களில் நெருக்கி ஏற்றியதாலேயே பல மடிந்தன. அன்பு குறையவில்லை, முறைதான் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 2000 ஜூன் 23 இல், டிரெஷர் என்ற கப்பல் ரொபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடையில் மூழ்கி, சுமார் 1,300 தொன் எரிபொருளைக் கடலில் கொட்டியது. எண்ணெய் பட்ட பென்குயின்கள் சுமார் 19,000. கேப்டவுனில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் திரண்டார்கள். பறவைகளுக்கு முதலில் சூடும் ஓய்வும் கொடுத்தார்கள், குழாய் மூலம் நீராகாரம் ஏற்றினார்கள், மீன் ஊட்டினார்கள். உடல் தேறிய பிறகுதான் கழுவினார்கள். எண்ணெய் படாத 19,500 பறவைகளையும் பிடித்து, ஏறத்தாழ 900 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போர்ட் எலிசபெத் பகுதியில் கடலில் விட்டார்கள். அவை நீந்தித் தம் தீவுகளுக்குத் திரும்புவதற்கிடையில் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது திட்டம். அது பலித்தது. எண்ணெய் பட்டவற்றிலும் பத்தில் ஒன்பதளவு பிழைத்தன.

ஆனாலும், இதைக் கேட்டு நாம் நிம்மதி அடைந்துவிட முடியாது. 1989 இல் அலாஸ்காவில் எக்சோன் வால்டீஸ் கப்பல் கொட்டிய எண்ணெயால் இறந்த கடற்பறவைகள் சுமார் 250,000 என மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானவற்றை எவரும் கையில் எடுக்கவே முடியவில்லை. கழுவிக் காப்பாற்றப்பட்ட அதே ஆபிரிக்கப் பென்குயின் இனம், இரை மீன்கள் அருகியதால் 2024 இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பெரிய விபத்துகள் மட்டுமல்ல, கப்பல்கள் ஓசையின்றி வெளியேற்றும் கழிவு எண்ணெயும் ஆண்டுதோறும் பறவைகளைக் கொல்கிறது. கனடாவில் வாழும் எம் தோழியர் நியூபவுண்ட்லாந்துக் கரைகளில் குளிர்காலத்தில் ஒதுங்கும் கறுத்த பறவைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

எமது தீவின் தெற்கே உலகின் பெரிய கப்பற்பாதைகளுள் ஒன்று செல்கிறது. 2020 இல் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் தீப்பிடித்தபோது அதன் வயிற்றில் ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. அது கடலில் கொட்டாமல் தப்பினோம். அடுத்த ஆண்டே எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்து, பிளாஸ்ரிக் மணிகள் எம் கரைகளை மூடின. மன்னாருக்கு அப்பால் இராமர் அணை மணற்றிட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. அங்கு ஓர் எண்ணெய்ப் படலம் ஒதுங்கினால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சில வேண்டுகோள்கள். எண்ணெய் பட்ட பறவையைக் கண்டால் கழுவாதீர்கள், மீண்டும் நீரில் விடாதீர்கள், வாயைத் திறந்து உணவைத் திணிக்காதீர்கள். கையுறை அணிந்து, துணியால் மூடி எடுத்து, காற்றுத் துவாரமிட்ட காட்போட் பெட்டியில், இளஞ்சூடான, அமைதியான இடத்தில் வையுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கடலில் எண்ணெய் கண்டால் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வாகனமோ வள்ளமோ இருந்தால், பழைய எஞ்சின் ஒயிலை வாய்க்காலில் ஊற்ற விடாதீர்கள். எமது ஆலாவை நனைத்த எண்ணெய் எந்தப் பெருங்கப்பலிலிருந்தும் வந்திருக்கத் தேவையில்லை.

இந்தப் பாடசாலை எமக்கு இரசாயனமும் உயிரியலும் கற்பித்தது. அதே வளவில், எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஆச்சி, முதலில் செய்யவேண்டியது எது என்று சொல்லித் தந்தா. அன்று நாம் செவிகொடுக்கவில்லை. இன்று நடுங்கிக்கொண்டு ஒரு நோயாளி வந்தால், முதலில் ஒரு போர்வையை எடுக்கிறோம். அப்போதெல்லாம் ஆச்சியின் குரல் கேட்கிறது.

நூறாண்டு கண்ட எம் தாய்மடி வாழ்க, வளர்க.