பழுது நீக்கும் பணி
(பாலாலய நாளன்று ஆற்றிய உரை)



ஜீர்ணோத்தாரணம் என்னும் வடசொல், சிதைந்ததை எடுத்து நிறுத்துதல் என்று பொருள்படும். தமிழில் இதற்கு ஒரு சொல் போதாது. கிழிந்த ஆடையைத் தைக்கிறோம், கூரையை வேய்கிறோம், ஏரியைத் தூர் வாருகிறோம், பிணங்கிய உறவினரைச் சேர்த்து வைக்கிறோம். ஒவ்வொரு பழுதுக்கும் அதற்கே உரிய வினை இருக்கிறது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை கூறுகிறது. அக்களிம்பு இடையில் வந்து ஒட்டியதன்று, செம்புடன் உடன்பிறந்தது. ஆதலின் ஒருமுறை துலக்கினோம், தீர்ந்தது என்று இருத்தற்கில்லை.

அஷ்டபந்தனமும் இத்தகையதே. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் சேர்த்து இடிப்பர். இடிப்பது எளிய வேலையன்று. கைமாற்றி மாற்றிப் பலர் இடித்தால்தான் மருந்து பதம் பெறும். மூர்த்தியும் பீடமும் கல்; அவற்றிடையே நிற்பதோ இளகிய மருந்து. அது காய்ந்து வெடித்தால் அபிஷேக நீர் அடியில் இறங்கும். ஆகவேதான் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுக்குமாறு பெரியோர் வகுத்தனர்.

இனி, உபயகாரர்களிடம் ஒன்று விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும். கண்டராதித்த சோழரின் தேவியாகிய செம்பியன் மாதேவியார் 10-ஆம் நூற்றாண்டில் செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிகாவலில் அவ்வாறு புதுக்கியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார்கள். திருமழபாடியில் முதலாம் இராசராசன் காலத்தில் விமானத்தைப் பிரித்தபோதும், கல்வெட்டுகள் முன்னரே ஏட்டில் எழுதப்பெற்று, இராசேந்திரன் காலத்தில் மறுபடி பொறிக்கப்பெற்றன. யாரோ ஒருவர் நுந்தா விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கும் அழியலாகாது என்று அரசே கருதியது!

பிற்காலத்தில் நாம் செய்தது என்ன? மணலை விசையுடன் வீசிக் கல்லைத் துலக்கினோம், எழுத்துகள் மழுங்கின. ஓவியங்களின்மேல் சுண்ணாம்பு அடித்தோம். பளபளக்கும் தளக்கல்லுக்குப் பொருள் தர முன்வருவோர் பலர். விமானத்தின் நீர்க்கசிவை அடைக்கத் தருவோர் சிலரே. கசிவை அடைத்த காரையில் பெயர் பொறிக்க இயலாதன்றோ!

நம் திருச்சுற்று மதிலிலும் கருவறைப் புறச்சுவரிலும் எழுத்துகள் உள்ளன. சாரம் கட்டுமுன் அவற்றை மைப்படி எடுத்தாக வேண்டும். தாள், மை, பழகிய ஆட்களின் கூலி என்று செலவு சிறிதே ஆகும். வர்ணம் பூசும் உபயத்தை ஏற்றுள்ள அன்பர்களுள் எவரேனும் இதனையும் ஏற்றுக்கொள்வாராயின், வேலையை வரும் வாரமே தொடங்கிவிடலாம்.