ஊர்ப்பள்ளியும் நங்கடமையும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அண்ணாமலையார் திருவடி நிழலில் வாழும் நாம், கோபுரத் திருப்பணிக்கும் அன்னதானத்திற்கும் பொருளீயப் பின்னிடுவதில்லை. ஆயின், நம் தெருக்கோடியிலுள்ள பொதுத் தொடக்கப்பள்ளியில் இவ்வாண்டு எத்துணைப் பிள்ளைகள் சேர்ந்தனர் என வினவினால் விடையிறுப்பார் நம்முள் அரியர். அது குறித்தே இன்று சில கூறப் புகுந்தாம்.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்நகர மக்கள் 1,45,278 பேர். 2024இல் நகராட்சி மாநகராட்சியாயிற்று. ஊர் வளர வளரப் பள்ளியும் வளர்தல் முறை. தமிழகத்திலோ அரசினர் தொடக்கப்பள்ளிகள் பலவற்றிற் பிள்ளைகள் அருகி வருதலையே காண்கின்றோம். காரணம் யாதோவெனின், மூன்று கூறுவாம்.

ஒன்று, பிறப்பே குறைந்தது. மக்கட்டொகை குன்றாதிருக்கத் தாயொருத்திக்கு 2.1 மகவு வேண்டும். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டிற் கண்டது 1.8. இரண்டு, தனியார் பள்ளி மூன்றாம் அகவையிலேயே குழந்தையை ஏற்கின்றது. அரசுப்பள்ளியின் முதல் வகுப்போ ஐந்தாம் அகவைக்குரியது. முன்னே வண்டியேறிய குழந்தை பின்னே மீள்வது அரிது. இதனையுணர்ந்தே 2019இல் அரசினர் 2,381 அங்கன்வாடிகளில் மழலை வகுப்புத் தொடங்கினர். மூன்று, 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 25 இடங்களை எளியோர்க்கு ஒதுக்கியது. அவர்க்குரிய கட்டணத்தை அரசே ஈடுசெய்தல் வேண்டும்.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். அச்சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை ஆசிரியர் இருவர். 61 ஆயின் மூவர். ஐந்து வகுப்பையும் இருவர் நடத்தக் கண்ட பெற்றோர் மேலும் சிலரை விலக்குகின்றனர். விலக்க விலக்க ஆசிரியரும் குறைகின்றனர். ஒரு குழந்தையின் சேர்க்கை ஓர் ஆசிரியரைக் காக்கவும் கூடும்!

எஞ்சியிருப்போர் யாவர்? பூக்கட்டுவோர், கிரிவலப் பாதையிற் சிறுகடை வைப்போர், கட்டட வேலைக்குப் பெங்களூர் சென்று மீள்வோர் ஆகியோரின் மக்கள். பௌர்ணமியிரவு முழுதும் விழித்து வாணிகஞ் செய்யும் பெற்றோர் குடிநீர்க்குழாய் பழுதென்று மனு எழுதப் பொழுதேது? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டுமென்பது சட்டம். எழுதவும் பேசவும் வல்ல நாம் நம் மக்களை விலக்கியபொழுதே அவ்வவையினின்றும் விலகினோம்.

'ஆங்கிலம் வேண்டாவோ?' என்பீர். 2012-13 முதல் அரசுப்பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலவழி வகுப்புகளும் உள. 1956இற் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982இற் சத்துணவாய் விரிந்து, 2022இற் காலையுணவும் சேரப்பெற்றது. ஒரே பந்தியிற் பல குலத்துப் பிள்ளைகளும் அமர்ந்துண்ணும் அவ்வொழுக்கத்தை எக்கட்டணமும் வாங்கித்தாராது. குலத்தின் பெயராற் கூடியுள்ள நாம் இதனை மறத்தலாகாது. பிறர் மக்கள் தாழ, நம் மக்கள் மட்டும் உயர்தல் உயர்வாகாது.

ஆதலின் இரண்டு வேண்டுகின்றோம். சங்கக் கல்வி நிதியில் ஒரு பங்கு, குலம் நோக்காது, ஊர்ப்பள்ளிப் பிள்ளைகட்கு ஆகுக. வரும் சேர்க்கைக் காலத்தில் இயன்ற குடும்பத்தார் தம் மக்களை ஆண்டே சேர்த்துக் குழுவிலும் அமர்க.

திருப்பணி பலவற்றுள்ளும் இதுவே தலையாயது.