வெப்ப ஏற்றம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எம்மை, சீமையில் வீட்டைச் சூடேற்றும் பொறியொன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது யாம் சிறிது திகைத்தோம். ஆயினும், இவ்வவையிலுள்ளார் பலருடைய மக்கள் இங்கிலாந்தில் வீடு வாங்கிக் குடியிருக்கின்றனர் என்பதும், 'பழைய பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாமா? அரசாங்கம் பணம் தருகிறதாம். மீதிக்கு நீங்கள் உதவ இயலுமா?' என்று அவர்கள் தொலைபேசியில் வினவுகின்றனர் என்பதும் யாம் அறிந்தனவே. எம் குடும்பத்திலும் அது நிகழ்ந்தது. அதனாலேயே பேசத் துணிந்தோம்.

ஹீட் பம்ப் என்பதை 'வெப்ப ஏற்றம்' என்று தமிழாக்கிக் கொள்வோம். கிணற்றேற்றம் நீரைப் படைப்பதில்லை; தாழவுள்ள நீரை மேட்டு வாய்க்காலுக்கு உயர்த்தித் தருகின்றது. அதுபோலவே இப்பொறியும் வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல், வெளிக்காற்றினின்றும் அதனை முகந்து, வீட்டினுள்ளே குழாய்களில் ஓடுந் தண்ணீரில் ஏற்றுகின்றது. பனிக்காலத்துக் காற்றில் வெப்பம் ஏது என்று கேட்பீர்கள். யாமுங் கேட்டோம். இப்பொறிகளுட் பலவற்றில் சுற்றிவரும் புரொப்பேன் என்னும் பொருள், சாதாரண அழுத்தத்தில், உறைநிலைக்கு 42 பாகை கீழேயே கொதித்து ஆவியாகும் இயல்பினது. அதற்குப் பனிக்காற்றும் அடுப்பனலே! அவ்வனலை உண்டு ஆவியான பொருளைக் கம்பிரஸர் இறுக்க, அது மிகச் சூடாகின்றது. அச்சூட்டைத் தண்ணீருக்கு ஈந்து மீண்டுந் திரவமாகி, அழுத்தந் தளர்ந்து குளிர்ந்து, பழையபடி வெளியே செல்கின்றது. குளிர்ப்பெட்டியின் பின்புறத்தே கைவைத்துச் சூட்டை உணர்ந்த தாய்மார்களுக்கு இது புதிதன்று. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைத்தல் இதனாலேயே. எஞ்சிய இரண்டும் காற்று தந்தவை.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய புதுமையுமன்று. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்ஸன் இக்கருத்தை 1852-இலேயே வெளியிட்டார். சுவிட்ஸர்லாந்தில் ஜூரிச் நகர மன்றக் கட்டடம், லிம்மாட் ஆற்று நீரினின்றும் எடுத்த வெப்பத்தால் 1938-இலேயே சூடேற்றப்பட்டது.

ஏற்றமென்னும் உவமையை இன்னுஞ் சிறிது நீட்டுவோம். லாபமும் நஷ்டமும் இதனுள்ளேதான் இருக்கின்றன. கிணறு ஆழ ஆழவும், வாய்க்கால் உயர உயரவும், இறைப்பவனுக்கு உழைப்பு மிகும். வெப்ப ஏற்றத்தில் வெளிக்குளிரே கிணற்றின் ஆழம். ரேடியேட்டர்களுக்குச் செல்லுந் தண்ணீரின் சூடே வாய்க்காலின் உயரம். குளிரை நாம் மாற்ற முடியாது; வாய்க்காலைத் தாழ்த்தலாம். காஸ் பாய்லர் 60, 70 பாகைத் தண்ணீரை இரண்டு மணி நேரம் ஓட்டிப் பின் ஓய்ந்துவிடும். வெப்ப ஏற்றமோ 35 முதல் 45 பாகைத் தண்ணீரை நாள் முழுதும் மெல்ல ஓட்டும்போதே சிக்கனமாக உழைக்கின்றது. தண்ணீரின் சூடு குறைந்தால் அதனை அறையிற் பரப்பப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். பலர் தடுக்கி விழும் படி இதுவே.

கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டிற்கு ஆண்டொன்றுக்கு 12,000 யூனிட் வெப்பம் வேண்டுமென்று கொள்வோம். அந்நாட்டில் அண்மைக்காலத்து மின்சார விலை யூனிட்டுக்கு ஏறக்குறைய 25 பென்ஸ். காஸ் விலை ஏறக்குறைய 6 பென்ஸ். பாய்லரின் புகைபோக்கியிற் போகும் சேதத்தையுஞ் சேர்த்தால் காஸ் செலவு சற்றொப்ப 800 பவுன். வெப்ப ஏற்றம் ஒன்றுக்கு நான்காகத் தந்தால் 750 பவுன். மூன்றாகத் தந்தால் 1,000. இரண்டரையாகத் தந்தால் 1,200. காஸ் இணைப்பையே நீக்கிவிட்டால் அதற்குரிய நாட்கட்டணமும் ஒழியும். பொறி ஒன்றே, லாபமும் நஷ்டமும் அதனை அமைக்குந் திறத்தைப் பொறுத்தன.

இனி, மானியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-இல் தொடங்கிய பாய்லர் மாற்றுத் திட்டத்தில், காற்றினின்றும் வெப்பம் எடுக்கும் இப்பொறிக்கு முதலில் 5,000 பவுன் வழங்கினர். 2023 அக்டோபரில் அதனை 7,500 ஆக உயர்த்தினர். ஸ்காட்லாந்தில் 7,500 பவுன் மானியத்தோடு, வட்டியில்லாக் கடனாக இன்னொரு 7,500 பெறவும் வழியுண்டு. விற்பனை வரியும் 2027 மார்ச் 31 வரை இல்லை. அன்பர்களே, ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இங்கிலாந்துத் திட்டத்தில் அம்மானியம் வீட்டுக்காரர் கைக்கு வருவதேயில்லை. எம்.ஸி.எஸ். என்னுஞ் சான்று பெற்ற பொறியமைப்பாளரே விண்ணப்பித்துப் பெற்று, தம் விலைப்பட்டியலிற் கழித்துக் கொள்ளுவர். 'மானியத்தை உங்கள் கணக்கிற் போடுகிறோம். முன்பணம் அனுப்புக' என்பவன் ஏய்ப்பவன் என்று துணியலாம்.

எம் தங்கை ஹாரோவில் இருக்கின்றாள். 1930-களிற் கட்டிய வீடு. பின்புறம் ஓர் அறை பிற்காலத்தில் நீட்டிக் கட்டப்பட்டது. 2024-இல் பாய்லர் பழுதுற்றது. இருவர் விலை கூறினர். ஒருவர் 14,600 பவுன் கேட்டு, ஆறு ரேடியேட்டர்களை மாற்ற வேண்டுமென்றார். மற்றவர் 13,200 கேட்டு, ஒன்றையும் மாற்ற வேண்டுவதில்லை என்றார். மைத்துனர் இரண்டாமவரையே தேர்ந்தார். (யாமாயினும் அதையே செய்திருப்போம்.) மானியம் போக எஞ்சிய 5,700 பவுன், அப்போதைய மாற்று வீதப்படி நம் பணத்தில் ஏறக்குறைய ஆறு இலட்சம்; எம் அன்னையார் வங்கியில் வைத்திருந்த தொகையினின்றும் சென்றது. அது போனபின் அவர்கட்கென்று எஞ்சியது சிறிதே.

அவ்வாண்டு தங்கையுடன் இருக்கச் சென்ற அன்னையாரை அழைத்துவர, 2025 ஜனவரியில் யாம் புறப்பட்டுச் சென்றோம். பின்னறையில், இரு கம்பளிகளைப் போர்த்து, கையுறையுடன் அவர்கள் அமர்ந்திருந்த கோலத்தை யாம் மறத்தற்கில்லை. குளிர்கிறதென்று தங்கை தண்ணீரை 60 பாகைக்கு உயர்த்தினாள், மின்கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியதென்று மைத்துனர் பகலெல்லாம் பொறியை நிறுத்தினார், அன்னையார் குளிர்ந்தனர். 'என் காசில் வாங்கிய பொறி, என்னாலேயே செலவு வைக்கிறதே' என்று அவர்கள் எம்மிடம் தனியே சொன்னார்கள். நாளொன்றுக்கு 34 யூனிட் செலவாகியும் வீடு குளிர்ந்தே கிடந்தது.

பொறியமைப்பாளர் அறைதோறும் வெப்ப இழப்பைக் கணக்கிட வேண்டுமென்பது அங்குள்ள விதி. சுவர், சன்னல், கூரை வழியே எவ்வளவு வெப்பம் கசிகின்றது, அதனை ஈடுசெய்ய எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வேண்டும் என்பதே அக்கணக்கு. அத்தாளைக் காட்டுக என்றோம்; கேட்டுப் பெறவில்லை என்றார் மைத்துனர். எழுதிக் கேட்டுப் பெற்றோம். பொறியியல் யாம் அறியோம். ஆயினும், இருபதாண்டுகளாக மாணாக்கர் விடைத்தாள்களை வரிவரியாகத் திருத்திய பழக்கம் ஈண்டு உதவிற்று. அறைகளை எண்ணினோம். வீட்டில் எட்டு, தாளில் ஏழு. அன்னையார் துயின்ற பின்னறை கணக்கில் வரவேயில்லை!

அமைத்தவர் முதலிற் பிடிகொடுக்கவில்லை. சான்று தந்த அமைப்பினிடம் முறையிட்டபின், ஏழு வாரங் கழித்து வந்து, நான்கு ரேடியேட்டர்களைத் தம் செலவிலேயே மாற்றினார். வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டைப் பொறி தானே கூட்டிக் குறைக்குமாறும் அமைத்தார். தண்ணீர் இப்போது 42 பாகையைத் தாண்டுவதரிது. மறு ஜனவரியில் நாளொன்றுக்கு 25 யூனிட் அளவே செலவாயிற்று. பின்னறை இரவும் பகலும் 20 பாகையில் நின்றது என்று தங்கை எழுதினாள். அன்னையார் அதனைக் காண அங்கு இல்லை. எம்முடன் ஊர் திரும்பிவிட்டனர். 'மறுபடி போகிறீர்களா?' என்று கேட்டால், 'பார்க்கலாம்' என்கின்றனர். மைத்துனர் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அவர்கள் கணக்கிற்கு அனுப்பி வருகின்றார். யாம் கேளாமலே தொடங்கியது அது.

ஆகலின், உங்கள் மக்கள் பணம் வேண்டி எழுதினால், விலைப்பட்டியலுக்கு முன்னே அவ்வெப்பக் கணக்குத்தாளை அனுப்பச் சொல்லுங்கள். அறைகளை எண்ணுங்கள். எந்த ரேடியேட்டர் மாறும், எது மாறாது, தண்ணீர் எத்தனை பாகையில் ஓடும் என்பவை எழுத்திலிருக்கின்றனவா என்று பாருங்கள். தங்கை வீட்டுத் தாளின் படியொன்று எம்மிடம் உளது. வேண்டுவோர் கூட்டம் கலைந்தபின் வாங்கிப் பார்க்கலாம்.