ஒற்றையடிப் பாதையில் மிதிவண்டி



சேலம் நகரையடுத்து அரண்போல் உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலத்திலிருந்து அங்குச் செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சாலையை விட்டு விலகினால், காப்பித் தோட்டங்களின் ஊடும் பாறைச் சரிவுகளின் ஊடும், தலைச்சோலை போன்ற மலையூர்களை அடுத்தும் ஒற்றையடிப் பாதைகள் செல்லக் காணலாம். இத்தகைய பாதைகளில் மிதிவண்டி செலுத்துவது இன்று உலகறிந்த விளையாட்டு. அதனைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

மலையேறுவது கடினம் என்பதை எவரும் அறிவர். ஆனால், அறிவுக்கு வேலை மிகுதியாக இருப்பது இறக்கத்தில்தான். சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியும் ஆளும் சேர்ந்து 70 கிலோகிராம் என்று கொள்வோம். ஏற்காட்டிலிருந்து அடிவாரம்வரை ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்கினால், எட்டு லட்சம் ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் வெளிப்படும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். காற்றுத் தடையும் உருளல் தடையும் ஒரு பகுதியை ஏற்க, எஞ்சியதைப் பிரேக்குகளே வெப்பமாக மாற்றியாக வேண்டும்.

இவ்வுண்மையை அனுபவத்தால் கண்டவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள மரின் பகுதி இளைஞர்கள். அவர்கள் 1976ஆம் ஆண்டில், தடித்த டயருடைய பழைய வண்டிகளைக் கொண்டு மலைப்பாதையில் போட்டி நடத்தினர். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம்! பின்சக்கரக் குடத்திலிருந்த பிரேக் கொதித்து, உள்ளிருந்த மசகு புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் குடத்தில் புதிய மசகு அடைக்க வேண்டியிருந்தமையால், 'மீண்டும் அடைத்தல்' எனப் பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்போட்டியின் பெயராயிற்று. மலைக்கென்றே புதிய வண்டிகள் அடுத்த ஆண்டு முதல் உருவாயின. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது.

வளைவுக்கு முன்னரே இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்து வேகத்தைத் தணித்தல் வேண்டும். உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தல் வேண்டும். திடீரென்று இறுகப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் நின்று வழுக்கும். வண்டி நம் வசத்தில் இராது. அதனோடு தீங்கு முடிவதில்லை. வழுக்கிய சக்கரம் மண்ணில் உழவுசால் போன்ற தடம் இடுகிறது. மழைக்காலத்தில் நீர் அத்தடத்தையே வாய்க்காலாக்கி, மேல்மண்ணை அரித்துச் செல்லும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்திலும் மிதிவண்டிப் பாதைகள் உண்டு. அங்கு நுண்ணுயிர்களும் பாசியும் மண்ணைப் பிணைத்து மெல்லிய படலமாக மூடியிருக்கின்றன. பாதை தவறிய ஒரு சக்கரம் அதனைச் சிதைத்தால், மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். நம் மலையில் நிலம் வேறு, நெறி ஒன்றே. பாதையை விட்டு விலகலாகாது.

சேர்வராயன் மலையில் வாழும் மக்களுக்கு ஒற்றையடிப் பாதை விளையாட்டுக் களம் அன்று. வயலுக்கும் கோயிலுக்கும் அவர்கள் நடந்து செல்லும் வழி அது. தலையில் சுமையுடன் ஒருவர் எதிர்ப்பட்டால், இறங்கி நின்று வழிவிடுங்கள். தலைக்கவசம் அணிந்து, பிரேக்குகளைச் சோதித்து, துணையோடு செல்லுங்கள். நீங்கள் சென்ற பின்னரும் அப்பாதை அவர்களுக்குப் பயன்படும் நிலையில் இருத்தல் வேண்டும். அதுவே நல்ல ஓட்டுநருக்கு அடையாளம்.